ஒற்றைத் தையலைத் தேடி: ஷாங்காயில் ஐந்து நாள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். துணி பார்த்து வாங்குவதற்காக 2024 ஏப்ரலில் சீனாவின் கெச்சியாவ் நகருக்குச் சென்றிருந்தேன். வேலை முடிந்த பிறகு கையில் ஐந்து நாள் மிஞ்சியது. அந்த ஐந்து நாளையும் ஷாங்காயில் பழைய உடை விற்கும் கடைகளைப் பார்க்கவும், அவற்றை வாங்கித் தங்கள் விருப்பப்படி உடுத்தித் தெருவில் நடக்கும் இளைஞர்களைப் பார்க்கவும் ஒதுக்கினேன். நாள்தோறும் புதுச் சட்டை தைத்து அனுப்பும் ஊர்க்காரிக்குப் பழைய சட்டையில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். தைத்து அனுப்பிய பிறகு அந்தச் சட்டை என்ன ஆகிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று அவர்களிடம் சொன்னேன்.

கெச்சியாவில் எங்களுக்கு மொழிபெயர்த்த பெண் ஷாங்காயைச் சேர்ந்தவர். தோழியாகிவிட்ட அவரும் உடன் வந்தார். என்னை அவர் 'ஜியே' என்றுதான் அழைப்பார். அக்கா என்று பொருள்.

ஏப்ரல் 12, வெள்ளி: சாங்லே சாலை

பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் தெருக்களில் இருபுறமும் பிளேன் மரங்கள் நிற்கின்றன. ஏப்ரல் மாதத்தில் அவற்றின் காய்கள் வெடித்து, பஞ்சு போன்ற துகள் காற்றில் பறக்கிறது. ஸ்பின்னிங் மில் வாசலில் நிற்பது போலக் கண் கரித்தது, தொண்டையும் அரித்தது. உள்ளூர்க்காரர்கள் முகக்கவசம் அணிந்து நடப்பதன் காரணம் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. வழியில் ஒரு மருந்துக் கடையில் நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

சாங்லே சாலை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இளைஞர்களின் உடைத் தெரு. அதே சாலை மாவ்மிங் சாலையைச் சந்திக்கும் இடத்தில், ஷாங்காய்ப் பெண்கள் 1920களிலும் 1930களிலும் உடுத்திப் பெயர் பெற்ற சீபாவ் என்னும் நீண்ட உடையைத் தைத்துத் தரும் தையல்கடைகள் வரிசையாக உள்ளன. ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வயதான தையற்காரர் ஒருவர், பட்டுத் துணியைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டி நாடாவாக மடித்து, அதைச் சுருட்டி முடிச்சிட்டுப் பூவடிவப் பொத்தான் செய்துகொண்டிருந்தார். அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டேன். நாங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொட்டும் பிளாஸ்டிக் பொத்தானும் இதுவும் ஒரே பெயருக்கு உரியவை என்பதை நம்ப முடியவில்லை.

பழைய உடைக் கடைகள் பெரும்பாலும் மாடியில் இருக்கின்றன. குறுகிய படிக்கட்டில் ஏறினால் அந்துருண்டை மணமும் நீராவி இஸ்திரியின் ஈரமணமும் கலந்து வருகின்றன. இவற்றைச் சீனத்தில் 'குஜுவோ' என்கிறார்கள். ஜப்பானியர் 'ஃபுருகி' என்று படிக்கும் அதே இரண்டு எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் படித்தால் குஜுவோ ஆகிறது. பழைய கைப்பை, கடிகாரம் போன்ற விலை கூடிய பொருள்களுக்கு 'சொங்கு' என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். சாதாரணமாக ஒருவர் பயன்படுத்தி விற்பதற்கு 'அர்ஷோ', அதாவது இரண்டாம் கை என்று பெயர். ஒரே பழைய பொருள்தான். எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலை ஏறுகிறது என்று தோழி சொன்னார். நான் பார்த்த கடைகளில் டிஷர்ட் 120 முதல் 260 யுவான் வரை விற்றது. ஹவாய்ச் சட்டை 180 யுவானுக்கும், அமெரிக்க ஜீன்ஸ் 400 யுவானுக்கு மேலும் போயின. அந்த வாரம் ஒரு யுவானுக்கு நம் காசில் பதினொன்றரை ரூபாய்.

இரண்டாவது கடையில் இருபத்தைந்து வயதிருக்கும் ஓர் இளைஞர், 1980களின் அமெரிக்க டிஷர்ட் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் கை விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். 1990களின் நடுப்பகுதிக்கு முன் தைத்த அமெரிக்க டிஷர்ட்களில் கை விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பெரும்பாலும் ஒற்றைத் தையல்தான் ஓடும். பிறகுதான் இரட்டை ஊசித் தையல் எங்கும் பரவியது. இந்தச் சட்டையில் ஒற்றைத் தையல் இருந்தது. ஆனால் கழுத்து லேபிளில் சலவைக் குறிப்பு வெறும் படங்களாக, எழுத்தே இல்லாமல் அச்சாகியிருந்தது. சொற்களுக்குப் பதிலாகப் படக் குறியீடுகளை மட்டும் போடுவதற்கு அமெரிக்காவில் 1997இல்தான் அனுமதி வந்தது. இந்த இரண்டும் 1980களின் சட்டை ஒன்றில் சேர்ந்திருக்க முடியாது. பழையது போலத் தோன்றுவதற்காக அண்மையில் தைத்த சட்டை அது.

தோழி இதை மொழிபெயர்த்தபோது அந்தக் கடை இளைஞருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எனக்கு ஒரு முக்காலியைப் போட்டு, காகிதக் குவளையில் வெந்நீர் கொடுத்தார். அதன் பிறகு என்னை 'லாவ்ஷி' என்று அழைத்தார். ஆசிரியர்களை அழைக்கும் சொல் அது. தொழில் தெரிந்தவர் யாரையும் மரியாதையாக அப்படி அழைப்பதுண்டாம். அடுத்த ஒரு மணி நேரம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் தையலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு கம்பளி ஸ்வெட்டர் கைக்கு வந்தது. லேபிளில் 'பிரிட்டிஷ் ஹாங்காங்கில் தயாரானது' என்று இருந்தது. பக்கத்திலேயே சீனாவில் தயாரானதாக லேபிள் தாங்கிய ஒரு பருத்திச் சட்டையும், அமெரிக்கக் கடையொன்றின் பெயரோடு தொங்கியது. 1974 முதல் 2004 இறுதி வரை எந்த நாடு எவ்வளவு ஜவுளி ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்த கோட்டா இருந்த காலத்தில்தான் எங்கள் திருப்பூரும் வளர்ந்தது. கோட்டா வைத்திருந்தவரைத் தேடி நடந்த முதலாளிகளின் கதைகளைக் கேட்டுத்தான் நான் தொழிலுக்கு வந்தேன். அதே கோட்டாவில் கப்பலேறிய ஒரு சட்டை அமெரிக்காவில் யாரோ உடுத்திக் கழித்து, மூட்டையாகக் கட்டி ஜப்பானுக்குப் போய், அங்கே தரம் பிரித்து, மீண்டும் தைத்த நாட்டுக்கே வந்து 150 யுவானுக்குத் தொங்குகிறது. அதன் காலரைத் தொட்டபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

பயன்படுத்திய உடைகளை இறக்குமதி செய்வதைச் சீனச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே, எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் "ஜப்பான்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். வற்புறுத்திக் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

இரவு உணவுக்கு வெங்காயத்தாளை எண்ணெயில் கருக வறுத்துப் புரட்டிய நூடுல்ஸ், 16 யுவான். பன்றி இறைச்சி உண்ணாத எனக்கு ஷாங்காயில் அதுதான் தோழன். கூட்டத்தில் எங்களோடு மேசையைப் பகிர்ந்துகொண்ட முதியவர் ஒருவர், நான் கலக்காமல் உண்பதைப் பொறுக்கமாட்டாமல், சாப்ஸ்டிக்கால் எப்படி அடியிலிருந்து புரட்ட வேண்டும் என்று தம் கிண்ணத்தில் செய்து காட்டினார்.

ஏப்ரல் 13, சனி: அன்ஃபு சாலை

காலை உணவு கீரையும் காளானும் வைத்த ஆவிப் பணியாரம், ஒன்று மூன்று யுவான். அதைக் கையில் பிடித்துக்கொண்டே வூகாங் மாளிகை வழியாக நடந்தோம். 1924இல் ஹூடெக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த, கப்பல் முகப்பு போன்ற அந்தக் கட்டடத்தின் எதிரே நூறு பேராவது கைபேசியை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். நாங்கள் நிற்கவில்லை.

அன்ஃபு சாலை குறுகியது. அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அன்று பகல் முழுவதும் தேவைப்பட்டது. உடுத்தி வந்து நடப்பவர்களும் அவர்களைப் படம் எடுப்பவர்களும் என இரண்டு கூட்டம் அங்கே இருக்கிறது. படம் எடுப்பவர்களில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்ற ஆண்கள். நீண்ட லென்ஸும் பல பைகள் கொண்ட மேல்சட்டையுமாக நடைபாதை ஓரம் காத்திருக்கிறார்கள். ஷாங்காய் வழக்கில் இவர்களுக்கு 'லாவ் ஃபாஷி' என்று பெயர். கைதேர்ந்தவர் என்று பொருள்.

நான் பார்த்தவர்களில் மூன்று பேரை மறக்க முடியாது. ஒரு பெண், மிங் காலத்து வழியில் வந்த 'குதிரை முகப் பாவாடை' என்னும் மடிப்புப் பாவாடையின் மேல், கழுத்து நைந்துபோன அமெரிக்கக் கல்லூரி ஸ்வெட்ஷர்ட் போட்டிருந்தாள். முன்னும் பின்னும் தட்டையாக, பக்கவாட்டில் கூர்மையாக மடிப்பெடுத்த பாவாடை அது. தொளதொளத்த மேலாடையின் விளிம்பைப் பாவாடையின் இடுப்புப் பட்டைக்குள் ஒரே ஒரு பக்கம் மட்டும் செருகியிருந்ததால் அந்த மடிப்பு எடுப்பாகத் தெரிந்தது. ஓர் இளைஞன் நான்கு பை வைத்த சுன் யாட்சென் கோட்டும் வெள்ளை ஹுயிலி கான்வாஸ் காலணியும் அணிந்திருந்தான். கோட்டின் தோள் தையல் அவன் தோளைத் தாண்டி இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. கை நீளத்தை மட்டும் குறைத்துத் தைத்திருந்தான். மூன்றாமவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தொங்குபட்டை வைத்த கால்சட்டை, மெருகேற்றிய தோல் காலணி. அவர் காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று அந்தத் தெருவில் அளவு சரியாகத் தைத்த உடை அவருடையதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாவாடைப் பெண்ணிடம் அனுமதி கேட்டுப் பேசினோம். மாணவி. பாவாடை 89 யுவான். 'ஷியென்யூ' செயலியில் வேறொரு பெண்ணிடம் வாங்கியதாம். அலிபாபா நிறுவனம் 2014இல் தொடங்கிய பழைய பொருள் சந்தை அது. பெயருக்குச் சும்மா கிடக்கும் மீன் என்று பொருள். உபரி என்ற சொல்லின் ஒலியும் அதில் இருக்கிறது. ஸ்வெட்ஷர்ட்டின் கதை வேறு. அவளுடைய பாட்டி அதை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லையாம். யாருடையது என்று தெரியாத உடை இறந்தவருடையதாக இருக்கலாம் என்பது பாட்டியின் அச்சம். மூன்று நாள் வெயிலில் காயப்போட்டு, வெந்நீரில் அலசிய பிறகே கதவு திறந்ததாம். "பாட்டி சொல்வதும் சரிதான், ஆனால் சட்டை நன்றாக இருக்கிறதே" என்றாள். பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரலில் கேலி துளியும் இல்லை.

அவளிடம் விடைபெற்ற சிறிது நேரத்தில் ஒரு சிறு சச்சரவு. வேறொரு பெண் தன்னைக் கேட்காமல் எடுத்த படத்தை அழிக்குமாறு ஒரு புகைப்படக்காரரிடம் சொன்னாள். குரல் உயரவில்லை. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பில் ஒருவரது உருவப்படத்தின் மேல் அவருக்கே உரிமை என்று உள்ளது என்பதைத் தோழி என் காதில் சொன்னார். புகைப்படக்காரர் கேமராவின் திரையை அவளிடம் காட்டி, ஒவ்வொரு படமாக அழித்தார். 2023இல் செங்டு நகரின் தைகூ லி வணிகத் தெருவில் இப்படி எடுத்த ஒரு தெருக்காட்சியால், மனைவியல்லாத பெண்ணோடு கைகோத்து நடந்த அரசு நிறுவன அதிகாரி ஒருவர் வேலையை இழந்தது நாடே அறிந்த செய்தி. அதனால் இப்போது எல்லோருக்கும் கொஞ்சம் கவனம் வந்திருக்கிறது. படம் எடுக்கும் முன் வாய்விட்டுக் கேட்பதே முறை என்பது என் கருத்து. நாள் முழுவதும் அப்படித்தான் செய்தேன். கேட்டவர்களில் இருவர் மட்டுமே மறுத்தார்கள்.

அதே சாலையில் துவோஜுவாயூ என்ற நிறுவனத்தின் கடை இருந்தது. பழைய புத்தகம் வாங்கி விற்பதில் 2017இல் தொடங்கி, பின்னர் பழைய உடைக்கும் வந்தவர்கள். பெயர் பிரெஞ்சுச் சொல்லான 'டெஜா வூ'வின் சீன ஒலிபெயர்ப்பு. எல்லா உடையும் துவைத்து, தரம் பார்த்து, விலைச்சீட்டு கட்டித் தொங்கின. திருப்பூரின் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தைக் குவியலில் கிளறிப் பழகிய எனக்கு அந்த ஒழுங்கு முதலில் அந்நியமாகப்பட்டது. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் கறை, சிறு கிழிசல் போன்ற குறையை மறைக்காமல் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மதிப்பு வந்தது.

மாலை காபி 32 யுவான். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காபிக் கடைகள் உள்ள நகரத்தில் இந்த விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு: மழை

விடியலிலிருந்து மழை. பறந்த பஞ்செல்லாம் தரையில் ஒட்டிக்கொண்டதால் தொண்டைக்கு நிம்மதி.

ஒரு சந்துக்குள் இருந்த கடையில், 1970களின் தொழிலாளர் மேல்சட்டை ஒன்றை 280 யுவானுக்கு வாங்கினேன். 'லாவ்தோங்பு', அதாவது உழைப்புத் துணி என்று அழைக்கப்படும் கெட்டியான நீலப் பருத்தி. இடது மார்பில் 'பாதுகாப்பாக உற்பத்தி செய்' என்ற பொருளுடைய நான்கு சிவப்பு எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. அமெரிக்கா சுற்றி வந்த சட்டைகளுக்கு நடுவே இந்த ஊரிலேயே தைத்து, இந்த ஊரிலேயே உழைத்துத் தேய்ந்த சட்டையைக் கண்டதும் விலை பேசவும் தோன்றவில்லை. கடையில் மஞ்சள் விளக்கு. வெளியே மழை இருட்டு. உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

விடுதிக்கு வந்து பார்த்தால், வலது அக்குள் தையல் நான்கு அங்குலம் விட்டுப்போய், அதை ஊசியால் தைக்காமல், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசை நாடாவை உள்ளே வைத்து ஒட்டியிருந்தார்கள். குறையைச் சொல்லி விற்றிருந்தால் அதே விலைக்கு வாங்கியிருப்பேன். மறைத்து விற்றதுதான் மனதை வருத்தியது. தோழி கடைக்குச் செய்தி அனுப்பினார். பழைய உடைக்கு மாற்றோ பணமோ இல்லை என்று பதில் வந்தது. அன்று பிற்பகல் வெளியே போகவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்: பொய்க் காலர்

தோழியின் தாயார் என்னை மதிய உணவுக்கு அழைத்திருந்தார். 'லிலோங்' எனப்படும் பழைய சந்து வீடு. மாடிகளுக்கு நடுவே மூங்கில் கழிகளில் போர்வைகளும் பனியன்களும் காய்ந்தன. நடுவயதுப் பெண்கள் சிலர் பூப்போட்ட இரவு உடையிலேயே கீரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2010 உலகக் கண்காட்சி நடந்தபோது, இரவு உடையில் தெருவுக்கு வராதீர்கள் என்று நகர நிர்வாகம் இயக்கமே நடத்தியதாம். அந்த இயக்கம் போய்விட்டது, பூப்போட்ட உடை இருக்கிறது.

நான் எதை உண்பேன் என்று முந்தைய நாளே கேட்டறிந்து, தக்காளி முட்டை, பச்சைப் பட்டாணி, டோஃபு, இளமூங்கில் என்று சமைத்திருந்தார். உண்ட பிறகு நான் மேல்சட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவே முதலில் தயங்கினார். "இதைக் காசு கொடுத்தா வாங்கினாய்? இதைக் கழற்றிப் போடத்தான் நாங்கள் ஏங்கினோம்" என்றார்.

சீனாவில் பருத்தித் துணிக்கு 1954இல் கூப்பன் முறை வந்தது. 1983 இறுதியில்தான் அது நீங்கியது. ஆளுக்கு ஆண்டுக்கு இத்தனை அடி என்று அளந்து கிடைத்த துணியில், புதிதாக மூன்று ஆண்டு, பழையதாக மூன்று ஆண்டு, ஒட்டுப்போட்டு மேலும் மூன்று ஆண்டு என்பது வழக்குச் சொல். அந்த நெருக்கடியிலும் நேர்த்தியாகத் தோன்ற ஷாங்காய்க்காரர்கள் கண்ட வழி 'ஜியா லிங்சு', பொய்க் காலர். அம்மையார் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியைத் திறந்து தம்முடைய ஒன்றை எடுத்து வைத்தார்.

மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். இளநீலக் கோடு போட்ட பாப்ளின். முழுச் சட்டைக்குரிய காலர், காலர் பட்டை, மேல் மூன்று பொத்தான்கள், மார்பில் ஒரு சாண் துணி; அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கை இல்லை. நழுவாமலிருக்க இரு அக்குளுக்கடியிலும் ஒரு நாடா வளையம். ஸ்வெட்டருக்குள் அணிந்தால் முழுச் சட்டை போட்டதாகவே தெரியும். காலரின் முனை அப்படியே கூர்மையாக இருந்தது. ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு தையல் இருக்கும். எங்கள் ஏற்றுமதித் தரத்தில்கூட இவ்வளவு நெருக்கமாகக் கேட்பவர்கள் குறைவு. பொத்தான் துளைகளைக் கையாலேயே முடைந்திருந்தார். காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்த தடயமும் தெரிந்தது. மடிப்பில் தேய்ந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி இன்னொரு ஆயுள் கொடுத்திருக்கிறார். யார் தைத்தது என்று கேட்டதற்கு, "வேறு யார்? நான்தான். பத்தொன்பது வயதில்" என்றார். தோழி அதை அதுவரை பார்த்ததில்லை. கழுத்தில் வைத்து, நிலைக்கண்ணாடி முன் போய் நின்றார்.

பழைய பொருள் வாங்குவது இளைஞர்களின் புதுப் பழக்கம் என்று நான் சொன்னதை அம்மையார் ஏற்கவில்லை. ஹுவாய்ஹாய் சாலையில் அரசு நடத்திய பழம்பொருள் கடை ஒன்று இருந்தது. ஊரார் அதை 'ஹுவாய்குவோஜியு' என்று சுருக்கி அழைத்தார்கள். ஒரு காலத்தில் வசதியாக இருந்த குடும்பங்கள் விற்ற கேமரா, பியானோ, ரோமக் கோட்டு எல்லாம் அங்கே இருந்தன. திருமணத்துக்கு முன் இவரும் கணவரும் ஞாயிறுதோறும் போய், எதுவும் வாங்காமல் சுற்றிவிட்டு வருவார்களாம். ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டை நான்கு மாதம் பார்த்து வைத்திருந்ததாகவும், ஐந்தாம் மாதம் அது அங்கே இல்லை என்றும் சொன்னார். அதன் பொத்தான்கள் இன்றும் அவருக்கு நினைவிருக்கின்றன.

கிளம்பும்போது என் மேல்சட்டையை மீண்டும் வாங்கி, பசை நாடாவை விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். தகரப்பெட்டியிலிருந்து ஒரு நீல நூல்கண்டையும் ஊசியையும் எடுத்துத் தந்தார். இரட்டை நூலில் தைக்க வேண்டும், பசையை முதலில் முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று தோழியை விட்டு இருமுறை சொல்ல வைத்தார். இருபத்திரண்டு ஆண்டு இதே தொழிலில் இருப்பதாக நான் சொல்லவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்: விடுதி அறை

விமானம் இரவுதான். காலையில் சாங்லே சாலை இளைஞரின் கடைக்குப் போய், ஹாங்காங் ஸ்வெட்டரை 160 யுவானுக்கு வாங்கினேன். இருபது யுவானை அவரே குறைத்தார். அந்த டிஷர்ட் மீண்டும் தொங்குகிறதா என்று கொடியைப் பார்த்தேன். இருந்தது; ஆனால் விலைச்சீட்டில் 'புதியது' என்று எழுதி, 60 யுவான் போட்டிருந்தார்.

பிற்பகல் சன்னலருகே உட்கார்ந்து மேல்சட்டையின் அக்குளைப் பிரித்தேன். ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டு, சூட்டிலேயே நாடாவைச் சிறிது சிறிதாக உரிக்க அரை மணி நேரம் ஆனது. இருபுறமும் தையல் மடிப்பை விரித்தபோது, வெயிலும் சோப்பும் ஐம்பது ஆண்டுகளாகத் தொடாத அரை அங்குலத் துணி வெளியே வந்தது. வெளிப்பக்கம் வெளுத்த சாம்பல் நீலம். இது மை போன்ற கருநீலம். அதன் விளிம்பில் பழைய நூலின் துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. அம்மையார் தந்த நூலை இரட்டையாகக் கோத்து, அந்தத் துளைகளிலேயே ஊசியை இறக்கித் தைத்தேன்.